பத்தடி தாண்டியும் கூப்பிடாதவள்

பத்தடி நடந்தேன், அவள் கூப்பிடவில்லை. பதினைந்து அடி நடந்தேன், அப்போதும் கூப்பிடவில்லை. தெருமுனை வரைக்கும் போய், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? கூடப்பிறந்த ஒருத்தி இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியுமா, நீயே சொல்லு தாயி.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள். கூடைக்கு இடம் வேண்டும். உசிலம்பட்டியில் ஏறும்போதே அந்தக் கண்டக்டர் கூடையை மேலே டாப்பில் போடு என்றான். போடவா வேண்டாமா என்று அவனோடு கொஞ்சம் பேசினேன். இப்போது பார், பின் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றவன் இந்தப் பக்கமே வரவில்லை. நீ எதுவரைக்கும்? தேனியா? பி.எட். படிக்கிறாயா? நல்லது. டீச்சர் ஆகப்போகிறவள், நியாயம் சொல்லத் தெரிய வேண்டும். கேளு.

அவள் பெயரைக் கேட்காதே. ஆறு வருஷமாக அந்தப் பெயரை நான் சொல்வதில்லை. என் தங்கச்சி, அவ்வளவு போதும். என் பெயர் தவசியம்மா. பழைய துணிக்கு ஏனம் கொடுக்கிற தவசியம்மா என்றால் உசிலம்பட்டியிலிருந்து தேனி வரைக்கும் பொம்பளைகளுக்குத் தெரியும். கிழிந்த சட்டை, சாயம் போன சேலை, பிள்ளைகளுக்குப் பத்தாமல் போன பாவாடை, எல்லாம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பேன். முப்பத்தெட்டு வருஷமாக இதே கூடை. கூடை மாறியிருக்கிறது, தலை அதேதான்.

இந்தத் தொழிலில் பேச்சு பாதி, நடை பாதி. ஏனத்தை முதலில் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். தரையில் இருக்கிறவரை அது நம் ஏனம். கையில் வாங்கிக் கனம் பார்த்துவிட்டால் அது அவள் ஏனம். அப்புறம், இந்தத் துணிக்கு இது கட்டாது, இன்னும் ரெண்டு சேலை போடு என்று சொல்லி, மெல்லத் திருப்பி வாங்கிக் கூடையில் போட்டு, தலையில் தூக்கி நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் போச்சு. நாலாவது அடியில் கூப்பிட்டால் அவளுக்கு அந்த ஏனத்தின் மேல் ஆசை. ஏழாவது அடியில் கூப்பிட்டால் அவள் மாமியாருக்கு ஆசை. பத்தாவது அடியில் கூப்பிட்டால் புருஷனின் கல்யாண வேட்டி வெளியே வருகிறது என்று அர்த்தம். பத்தைத் தாண்டி என்னை நடக்கவிட்ட வீடு இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ஒன்றே ஒன்று.

இன்னொரு விஷயமும் உண்டு. வந்த துணியில் எது மனசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதோ அதைத்தான் குறை சொல்ல வேண்டும். கந்தலை யாராவது குறை சொல்வார்களா? நல்ல பட்டுச் சேலை கைக்கு வந்தால்தான் வெயில் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவோம். சரிகை கறுத்துவிட்டது, மடிப்பில் இற்றுப்போச்சு, கலர் பழைய கலர் என்று ஆரம்பிப்போம். எடுத்த எடுப்பில் நல்லா இருக்கு என்று சொன்னவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

எங்கள் அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்னாடியே இல்லை. நான் கூடை தூக்கித்தான் அவளைப் படிக்க வைத்தேன். பன்னிரண்டாவது வரைக்கும். எனக்கு வருகிற துணியில் நல்லதாக ஒரு பாவாடை இருந்தாலும் அவளுக்கு எடுத்துவைக்க மாட்டேன் தெரியுமா? அடுத்தவள் கழித்துப்போட்டதை என் தங்கச்சி ஏன் போட வேண்டும்? புதுத் துணிதான். கடையிலிருந்துதான். ஊரெல்லாம் என் வாயைக் கண்டு பயப்படும். அவளிடம் மட்டும் ஒரு நாள் ஒரு பொழுது குரல் உயர்த்தியதில்லை. அதனால்தான் இவ்வளவு துளிர்விட்டுப் போச்சு.

எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அவளுக்குச் செய்து முடித்த பிறகு, முப்பது வயசில். நாலு மாசம் இருந்தான். ஒரு நாள் குழம்பில் உப்பு சரியில்லை என்று பேச்சு வளர்ந்து, திருப்பூருக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கினான். வாசலில் நின்று செருப்பை ரொம்ப மெதுவாகப் போட்டான். நான் கூப்பிடுவேன் என்று பார்த்தான் போல. நான் ஏன் கூப்பிட வேண்டும்? போகிறவன் போகட்டும் என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். போனவன்தான். என்ன அப்படிப் பார்க்கிறாய்? அது வேறு, இது வேறு.

அவளுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை தேனியில் மின்வாரியத்தில் வேலை. சௌந்தரபாண்டி என்று பெயர். நல்ல மனுஷன், ஆள் கொஞ்சம் பெருத்த உடம்பு. ஒரே பையன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். நான் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனேன். பேரம் பேசாமல் வாங்கினேன் தாயி. கடைக்காரன் பயந்துபோய், விளக்கில் எங்கேயாவது ஒடுக்கு இருக்கிறதா என்று தானே ஒரு தடவை புரட்டிப் பார்த்தான்.

வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பின பிறகு அவள் என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு ரூம். சுவருக்குக் கத்தரிப்பூக் கலர். எனக்கு அந்தக் கலர் பிடிக்கும் என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சுவரோடு சேர்த்து இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திட்டு. இது எதுக்குடி என்றேன். கூடையை இறக்கி வைக்க, குனிய வேண்டாம் பாரு என்றாள். பக்கத்திலேயே கக்கூஸ், நாற்காலி மாதிரி உட்கார்ந்து போகிறது. வீட்டில் மற்றவர்களுக்குக் குத்துக்காலிட்டுப் போகிறதுதான், இங்கே மட்டும் இப்படி. அக்காவுக்கு முட்டி மடங்காது என்று கொத்தனாரிடம் சண்டை போட்டு வைத்தாளாம். அவளுக்குச் சண்டை போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அக்கா, இது ஒன் ரூமு. கூடை தூக்குனது போதும். இனிமே இங்கயே இருந்துக்க."

அப்படிச் சொன்னாள். இவ்வளவு நல்ல சாமான் என் கைக்கு வந்ததே கிடையாது. வந்ததே கிடையாது என்பதால்தான் வாய் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"ஏன், வீட்டு வேலைக்கு ஆளு கெடைக்கலையா ஒனக்கு?"

தெரியும், தெரியும். முகத்தைச் சுளிக்காதே. கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் அது பதில் இல்லை தாயி, அது ஆரம்பம். முதலில் ஒரு தடவை தள்ள வேண்டும். அவள் இன்னொரு தடவை கேட்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும். மூன்றாவது தடவை நான், சரி, ஒனக்காக வேண்டித்தான் என்று சொல்லியிருப்பேன். அதுதானே மரியாதை? ஒரு சோற்றுப் பருக்கைக்கு ஓடி வந்தவள் மாதிரி எடுத்த எடுப்பில் தலையாட்ட முடியுமா?

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. சரி, இன்னும் பேரம் முடியவில்லை என்று நான் மேலே போனேன். ஜன்னல் மேற்கே பார்த்திருக்கிறது, சாயங்கால வெயில் உள்ளே வந்து உயிரை வாங்கும் என்றேன். கதவு குட்டை என்றேன். கத்தரிப்பூக் கலர் இருட்டடித்த மாதிரி இருக்கிறது என்றேன். உட்கார்ந்து போகிற கக்கூஸ் எனக்கெதுக்கு, நான் என்ன கலெக்டரா என்றேன். அதற்கு மாப்பிள்ளை வெளியில் நின்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிமெண்டுத் திட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் தூசியே இல்லை.

அப்புறம், "சரிக்கா," என்றாள்.

சரியாம். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருத்தியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஏனம் பிடிக்கவில்லை என்பார்கள், ஏமாற்றுகிறாய் என்பார்கள், உன் வாய்க்குப் புழு வைக்கும் என்றுகூட ஒருத்தி சொல்லியிருக்கிறாள். 'சரி' என்று சொன்னால் அதற்கு மேல் நான் என்ன பேசுவது? பையை எடுத்தேன். நடந்தேன். நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே. திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் பின்னாடியே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவதில் ஏறி உட்கார்ந்தேன்.

போன் பண்ணவில்லையா என்று கேட்கிறாயா? பண்ணினாள். ரெண்டு தடவை. நான் எடுக்கவில்லை. வாசலில் நடக்கவிட்ட ஆளை வாசலில் வந்துதான் கூப்பிட வேண்டும். போனில் கூப்பிடுவது என்ன கூப்பிடுவது? கேஸ் கம்பெனிக்காரன்கூடப் போனில்தான் கூப்பிடுகிறான்.

நீங்களே போய்க் கதவைத் தட்டியிருக்கலாமே என்கிறாய். பார்த்தாயா, நீயும் அதையே சொல்கிறாய். என் தொழிலில் கூப்பிடாத வீட்டுப் படி ஏறவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒரு வீட்டில் கதவு திறந்திருந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று நானாகப் படி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். அன்றைக்கென்று அந்த வீட்டில் குழந்தையின் கொலுசு ஒன்றைக் காணவில்லை. தெருவில் நிறுத்தி, கூடையைக் கவிழ்த்து, முந்தானையை உதறச் சொன்னார்கள். உதறினேன். கொஞ்ச நேரத்தில் கொலுசு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்துவிட்டது என்று சொன்னார்களே தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏனங்களைப் பொறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு வந்தேன்.

அதை நான் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். பன்னிரண்டு வயசுப் பிள்ளை அவள். கேட்டுவிட்டு அழவில்லை. என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "கூப்புடாத வீட்டுப் படி இனிமே ஏற மாட்டேன்னு சொல்லு," என்றாள். சொன்னேன். அன்றைக்கு அவள் தலையில் அடித்துச் சொன்னதை இன்றைக்கு வரைக்கும் நான் மீறவில்லை. ஆகக்கூடி, நானாகப் போய்ப் படி ஏற மாட்டேன் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவள் தெருவுக்கு நான் செவ்வாய், வெள்ளி போவேன். வியாபாரத்துக்குத்தான். வேறு எதற்கு? ஒன்பது வீடுதான் அந்தத் தெருவில், இருந்தாலும் நல்ல தெரு. முனையில் நின்று 'பழைய துணிக்கு ஏனமே' என்று குரல் கொடுத்தால் அடுத்த தெரு நாய் வரைக்கும் எழுந்துவிடும். அவள் வீட்டுக்கு நேராக வரும்போது தொண்டை கொஞ்சம் கூடவே திறக்கும். அது இயற்கை. அந்த இடத்தில் தெரு குறுகல், குரல் எதிரொலிக்கும்.

அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ரெஜினா என்று ஒருத்தி. அவளும் அவள் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் தபால் ஆபீசில் வேலை, துடைப்பக் குச்சி மாதிரி இருப்பார். முதல் தடவை போனபோதே அந்த ரெஜினா ஒரு மூட்டைத் துணி கொண்டுவந்து போட்டாள். எடுத்து விரித்தால் ஒவ்வொரு சட்டைக்குள்ளும் நானும் நீயும் சேர்ந்து போகலாம். இது யார் சட்டை என்று கேட்டேன். அவரு இப்ப எளைச்சுட்டாருக்கா என்றாள். நானும் அப்படியா என்று வைத்துக்கொண்டேன். அடுத்த மாசம் காலேஜ் பையன் பேன்ட். ரெஜினாவுக்குப் பிள்ளையே கிடையாது. அதற்கடுத்து ஒரு சேலை, பச்சையில் மஞ்சள் கரை. அதை என் தங்கச்சிக்குத் தலைதீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

கோபம் வந்ததா என்கிறாயா? வராதா பின்னே? நான் எடுத்துக் கொடுத்த சேலையை எனக்கே போடுகிறாள். ஆனால் சேலை கிழிந்துதான் இருந்தது. உடுத்தி உடுத்திக் கிழிந்திருந்தது. அதை மற்ற துணியோடு நான் மதுரைக்கு விற்க அனுப்பவில்லை. அது கிடக்கட்டும், வீட்டில் ஒரு மூலையில்.

ஒரு தடவை மூட்டைக்குள் முட்டிக்குப் போடுகிற பட்டை ஒரு ஜோடி இருந்தது. பிரிக்காத அட்டையோடு. தெரியாமல் விழுந்திருக்கும் என்றாள் ரெஜினா. மூட்டைக்குள் வந்தது எனக்குத்தான், திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ரெஜினாவிடம் நான் பேரம் பேசுவதில்லை. பாவம், தனியாக இருக்கிறவள். இருக்கிறதிலேயே கனமான ஏனமாகப் பார்த்துக் கொடுப்பேன். போன வருஷம் ஒரு இட்லிச் சட்டி கொடுத்தேன், ஆறு பேருக்கு வேகும். ரெண்டு பேருக்கு எதுக்குக்கா இவ்வளவு பெருசு என்று கேட்டாள். வாங்கி வை, போய்ச் சேருகிற இடத்துக்குப் போய்ச் சேரும் என்றேன்.

என்னது? ரெஜினா கையில் அவள் துணி கொடுத்துவிட்டதே கூப்பிட்ட மாதிரிதானா? பி.எட்.டில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்களா? துணி துணிதான் தாயி. கூப்பிடுவது கூப்பிடுவதுதான். அதற்கு வாய் வேண்டும்.

ஆண்டிபட்டி தாண்டிவிட்டதா? சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ரெஜினா மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை. வாசலில் என்னை உட்காரச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு ரிட்டயர்மென்ட் ஆகிவிட்டதாம். பையன் ஓசூரில் வேலை பார்க்கிறான் அல்லவா, அப்பாவையும் அம்மாவையும் அங்கேயே வந்துவிடச் சொல்கிறானாம். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்றாம். வியாழக்கிழமை காலையில் சாமான் ஏற்ற லாரி வருகிறதாம். ஓசூர் எங்கே இருக்கிறது தெரியுமா? அங்கே ஏனக் கூடையைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸில் போவது? அங்கே எந்தத் தெருவில் நின்று கத்துவது?

ரெஜினாவிடம் அன்றைக்குத்தான் கேட்டேன். நான் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அவ ஏன் அன்னைக்குக் கூப்பிடலையாம் என்றேன். நானும் அதை அவகிட்டக் கேட்டிருக்கேன்க்கா என்றாள் ரெஜினா. என் தங்கச்சி சொன்ன பதிலையும் சொன்னாள்.

"ஊரெல்லாம் எங்கக்கா பேரம் பேசும். எங்கிட்ட மட்டும் பேசாதுன்னு இருந்தேன். வேண்டாம்னு சொன்னா நெசமாவே வேண்டாம்னு நெனச்சுட்டேன்."

இதெல்லாம் ஒரு பதிலா? ஒன்பது வயசிலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தவள். பட்டுச் சேலையை நான் என்ன பாடு படுத்துவேன் என்று பக்கத்தில் நின்று பார்த்தவள். ஓட்டையே இல்லாத இடத்தில் நான் விரலை விட்டுக் காட்டும்போது சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பாள். அவளுக்குத் தெரியாதா? எனக்கு அந்த ரூம் பிடித்திருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? அவளிடம் நான் ஒரு நாளும் பேரம் பேசினதில்லை, அது நிஜம்தான். அன்றைக்கு மட்டும் நான் பேரம்தான் பேசினேன் என்று அவளுக்கு எப்படி...

என் கைக்குட்டை எங்கே போச்சு? இந்த ஜன்னல் தூசி கண்ணை அரிக்கிறது. நீ அதைக் கொஞ்சம் சாத்தேன்.

நேற்று செவ்வாய், போகக் கால் வரவில்லை. இன்றைக்குப் புதன். புதன்கிழமை நான் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லை. கூடையில் ரெண்டே ஏனம்தான் இருக்கிறது என்று நீ அப்போதே பார்த்துவிட்டாய், பார்த்தும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. கூடை இல்லாமல் ஒரு தெருவில் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியாது தாயி. கையை எங்கே வைப்பது என்றே தெரியாது.

இன்றைக்கும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்கிறாய். கேட்கக்கூடாததைக் கேட்கிறாய். தேனி வருகிறது, எழுந்திரு, நீ முன்னாடி இறங்கு. எனக்குப் படி இறங்க நேரமாகும். உன்னோடு பேசினது போதும், இனி நான் பேச வேண்டியவளோடு பேசிக்கொள்கிறேன்.

ஏய், கேட்கிறதா? இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் தெருமுனையில் குரல் கொடுப்பேன். சட்டி பானை கட்டுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வா. கதவுக்குப் பின்னாடி நிற்காதே. ரெஜினாவை அனுப்பாதே, மாப்பிள்ளையை அனுப்பாதே. துணி எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வா. படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, அக்கா என்று ஒரு தடவை சொல்லு. மூன்று தடவை கேட்க மாட்டேன், ஒரு தடவை போதும். லாரி நாளைக்குத்தானே? அந்த ரூமில் ஒரு ராத்திரி நான் படுக்க வேண்டும். ஆறு வருஷம் காக்க வைத்தாய், ஒரு ராத்திரி கொடு. நான் மெதுவாகத்தான் நடப்பேன், எட்டிப் பிடிக்கலாம். கூப்பிடுடி.